தாய்மையும் முதிர்ந்த காதலும்: ஜானகிராமன், ஜெயகாந்தன் புனைகதைகளை முன்வைத்து

முன்னுரை

தமிழ் நாவல்களில் காதல் பெரும்பாலும் இளையோர்க்குரிய பொருளாகவே அமைந்து வந்துள்ளது. இருவர் காண்பர், விரும்புவர், சாதி, செல்வம், உறவு ஆகியவற்றுள் ஒன்று குறுக்கே நிற்கும், மணத்தில் அல்லது மரணத்தில் கதை முடியும். மணந்த பெண் தாயாகிவிட்டால் அவளது காதலைப் பற்றிய பேச்சு அத்துடன் நின்றுவிடும். தாய்மை காதலின் பயனாகப் போற்றப்படும் அதே வேளையில் காதலின் எல்லைக்கோடாகவும் கருதப்படுகின்றது. தொடர்கதை வழியாக வளர்ந்த வெகுமக்கள் நாவலில் இவ்வமைப்புப் பெரிதும் மாறவில்லை.

இப்பொதுப் போக்கிலிருந்து விலகி, இளமை கடந்த பெண்ணின் காதலைத் தம் படைப்பின் மையத்தில் வைத்தவர்களுள் தி. ஜானகிராமனும் (1921-1982) ஜெயகாந்தனும் (1934-2015) முதன்மையானவர்கள். இவ்விருவரைப் பற்றியும் ஆய்வுகள் பல வெளிவந்துள்ளன. பாலுணர்வு, மரபு மீறல், பெண்ணின் தன்னுரிமை ஆகிய கோணங்களில் அவை விரிவாகப் பேசியுள்ளன. நாம் இங்கு எடுத்துக்கொள்ளும் வினா அவற்றினும் குறுகியது. முதிர்ந்த காதலும் தாய்மையும் ஒரே பெண்ணிடம் ஒருங்கே அமையும்போது இப்படைப்பாளர்கள் அவளை என்ன செய்கிறார்கள் என்பதே அவ்வினா.

'முதிர்ந்த காதல்' என்னும் தொடரை இக்கட்டுரையில் இரு பொருளில் ஆள்கிறோம். சமூகம் மணத்திற்குரியதென வகுத்த வயதைக் கடந்தபின் தோன்றும் அல்லது ஏற்கப்படும் காதல் ஒன்று. நெடுங்காலம் பழகி, முதுமைவரை உடன்வரும் காதல் மற்றொன்று. ஜானகிராமனின் 'மோகமுள்', 'அம்மா வந்தாள்' ஆகிய நாவல்களும், ஜெயகாந்தனின் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலும் 'யுகசந்தி' சிறுகதையும் முதன்மைச் சான்றுகளாகின்றன. பினாங்கைக் களமாகக் கொண்ட ரெ. கார்த்திகேசுவின் 'அந்திம காலம்' ஒப்பீட்டிற்குத் துணையாகின்றது.

இலக்கண மரபும் முதிர்ந்த காதலும்

இவ்வினாவிற்குப் பழைய வேர் உண்டு. தொல்காப்பியம் அன்பின் ஐந்திணையை நடுவில் வைத்து, ஒருதலைக் காமத்தைக் கைக்கிளை என்றும் பொருந்தாக் காமத்தைப் பெருந்திணை என்றும் ஒதுக்கியது. பெருந்திணைக்குரியனவாக அந்நூல் கூறும் நான்கனுள் 'இளமை தீர்திறம்' ஒன்றாகும். உரையாசிரியர்கள் இதனைத் தலைவன் முதியனாதல், தலைவி முதியளாதல், இருவரும் இளமை கடந்தோராதல் எனப் பலவாறு விளக்குவர். எவ்வாறு கொள்ளினும், இளமை கடந்தபின் தொடங்கும் காதலைப் பொருந்தாததன் பக்கம் நிறுத்தியது மரபு என்பதில் ஐயமில்லை.

ஆயினும் மரபின் முழுமை இதுவன்று. நற்றிணையின் 10ஆம் பாடலில், தலைவியை உடன்போக்கில் அனுப்பும் தோழி, அவள் உடல் தளர்ந்து கூந்தல் நரைக்கும் காலத்திலும் அவளைக் கைவிடாதிருக்குமாறு தலைவனை வேண்டுகிறாள். முதுமைக் காதல் இங்கே வாக்குறுதியாகக் கோரப்படுகின்றது. கற்பியலோ, காமம் நிறைந்து முற்றிய காலத்தில் மக்களோடும் சுற்றத்தோடும் கூடி அறத்தில் பழகுதலையே கடந்த வாழ்வின் பயனாகச் சொல்கின்றது. மருதத்திணைப் பாடல்களிலோ, பரத்தையிடமிருந்து மீளும் தலைவனுக்கும் ஊடி நிற்கும் தலைவிக்கும் இடையே புதல்வன் வாயிலாக அமைவதைக் காண்கிறோம். அத்தலைவி தாய், அதே வேளையில் காதலி. அவளது ஊடலுக்கு அவளது தாய்மை தடையாக இல்லை.

ஆக, பழந்தமிழ் மரபு இரண்டு செய்திகளை ஒருங்கே தருகின்றது. இல்லறத்திற்குள் தாயும் காதலியும் ஒருத்தியாக இருத்தல் இயல்பு. இல்லறத்திற்குப் புறத்தே, இளமை தீர்ந்தபின் தொடங்கும் காதல் பொருந்தாதது. பிற்கால அறநூல்களும் பக்தி நெறியும் தாய்மையை மேலும் புனிதப்படுத்தியபோது இவற்றுள் முதல் செய்தி மங்கியது. இரண்டாவது செய்தி இறுகியது. இருபதாம் நூற்றாண்டு நாவலாசிரியன் இந்த இறுகிய நிலையிலிருந்தே தொடங்க வேண்டியிருந்தது.

யமுனா: காலம் கனிவித்த காதல்

1964ஆம் ஆண்டு நூலாக வெளிவந்த 'மோகமுள்', கும்பகோணத்தையும் தஞ்சையையும் பின்புலமாகக் கொண்டது. இசை பயிலும் இளைஞன் பாபு, தன்னைவிடப் பத்து வயது மூத்த யமுனாவைக் காதலிக்கிறான். யமுனாவின் தாய் பார்வதி, சுப்பிரமணிய ஐயரின் இரண்டாம் மனைவியாக வாழ்ந்த மராட்டியப் பெண். தாயின் இந்நிலையே மகளின் திருமணத்திற்குத் தடையாகின்றது. பெண் பார்க்க வருவோர் வந்து போகின்றனர், ஆண்டுகள் கழிகின்றன. யமுனாவின் முதிர்ச்சி அவள் தேர்ந்துகொண்டதன்று. தாயின் வாழ்க்கை மகளின் மேல் சுமத்திய காலமே அது. தாய்மைக்கும் முதிர்ந்த காதலுக்கும் உள்ள தொடர்பு இந்நாவலில் இவ்வாறு தலைமுறை கடந்த ஒன்றாகத் தொடங்குவதை நாம் கவனிக்க வேண்டும்.

பாபு தன் காதலை உரைத்தபோது யமுனா ஏற்கவில்லை. வறுமையும் தனிமையும் ஆண்டுக்கணக்கில் கடந்த பின்னரே சென்னையில் அவள் அவனோடு இணைகிறாள். அந்த இணைவிலும் கிளர்ச்சியைவிடக் கனிவே மிகுந்துள்ளது. இதற்காகவா இத்தனை காலம் காத்திருந்தாய் என்னும் பொருள்பட அவள் எழுப்பும் வினா, ஏளனமும் பரிவும் கலந்தது. அவ்வினாவின் பின் பாபுவின் ஆற்றல் இசையை நோக்கித் திரும்புகின்றது. யமுனா அவனுக்குக் காதலி; அவனை அவனுக்கே மீட்டுத் தருபவளும் அவளே.

இங்கு ஒரு நுட்பத்தைக் காண்கிறோம். பாபுவின் மனத்தில் யமுனா தொடக்கம் முதலே தெய்வ வடிவம் பெற்றவள். வயதில் மூத்தவள், வணங்கத்தக்கவள், பொறுப்பவள், வழிகாட்டுபவள் ஆகிய பண்புகள் தமிழ்ப் பண்பாடு தாய்க்கு உரியனவாகச் சொல்பவை. ஜானகிராமன் இப்பண்புகளை யமுனாவிடம் ஏற்றுகிறார். ஆனால் அவளைத் தாயாக்கவில்லை. பிள்ளை பெறாத பெண்ணிடம் தாய்மையின் சாயலை வைத்து, அச்சாயலின் வழியே இளமை தீர்ந்த காதலை வாசகன் ஏற்கும்படி செய்கிறார். இதே நாவலில் முதிய கணவனுக்கு வாழ்க்கைப்பட்ட இளம்பெண் தங்கம்மாள் பாபுவை நாடி, மறுக்கப்பட்டுத் தன்னை மாய்த்துக்கொள்கிறாள். இளமை கேட்டது; அழிந்தது. முதிர்ச்சி காத்தது, பெற்றது. பெருந்திணை எனத் தள்ளப்பட்ட ஒன்றுக்கு நாவல் என்னும் வடிவம் அளித்த மிகப் பெரிய ஏற்பு இதுவெனலாம்.

அலங்காரம்: தாயான காதலி

'மோகமுள்' தவிர்த்துச் சென்ற இடத்திற்கே 1966இல் வெளிவந்த 'அம்மா வந்தாள்' நேரே செல்கின்றது. காவிரிக் கரையில் பவானியம்மாள் நடத்தும் வேத பாடசாலையில் பயின்ற அப்பு, படிப்பு முடிந்து சென்னையில் உள்ள தன் வீட்டிற்குத் திரும்புகிறான். தாய் அலங்காரத்திற்கும் சிவசுவிற்கும் உள்ள உறவை அங்கு நேரில் உணர்கிறான். தனக்குப் பின் பிறந்தோர் சிவசுவின் பிள்ளைகள் என்பதும், தந்தை தண்டபாணி அனைத்தும் அறிந்தே வாழ்கிறார் என்பதும் அவனுக்குப் புலனாகின்றன. மறுபுறம், பாடசாலையில் வாழும் இளம் கைம்பெண் இந்து அப்புவை விரும்புகிறாள்.

அலங்காரத்தின் உறவு திடீரென மூண்ட ஆசையன்று. ஆண்டுகள் பல கடந்தும் நிலைத்து, வீட்டின் அன்றாட ஒழுங்கோடு ஒட்டிவிட்ட உறவு அது. நாம் மேலே வகுத்த இரண்டாம் பொருளிலும் அது முதிர்ந்த காதலே. இவ்வுறவு தொடரும்போதும் அலங்காரம் தாய்மையில் குறைவுபட்டவளாகக் காட்டப்படவில்லை. அவள் நடையும் நிமிர்வும் கம்பீரமும் அப்புவின் கண்களில் மாறாமல் நிற்கின்றன. தாயின் செயலை ஏற்க இயலாத மகன், தாயின் தோற்றப் பொலிவை மறுக்கவும் இயலாமல் தவிப்பதே நாவலின் உள்ளோட்டம்.

அலங்காரம் அப்புவை வேதம் படிக்க அனுப்பியது ஏன் என்னும் வினாவிற்கான விடையில்தான் நாவலின் முடிச்சு உள்ளது. வேதம் கற்றுத் தூய்மை எய்திய மகனின் காலடியில் தன் பாவத்தைக் கரைத்துவிடலாம் என அவள் நம்புகிறாள். காதலி செய்ததற்குத் தாய் கழுவாய் தேடுகிறாள். அதற்குக் கருவி, பெற்ற மகன். இவ்வாறு ஒரே பெண்ணிடம் உள்ள இரு நிலைகளும் கடன்பட்டவரும் கடன் தீர்ப்பவருமாக எதிர்நிற்கின்றன. அப்பு இந்துவின் அன்பை ஏற்றுப் பாடசாலையிலேயே தங்கிவிடும்போது அவளது கணக்குப் பிழைத்துப் போகின்றது. அவனும் தன் பிள்ளையே என உணரும் அவள் காசிக்குப் புறப்படுகிறாள்.

அவளைக் காசிக்கு அனுப்பியவர் யார்? கணவர் அனுப்பவில்லை, அவர் மௌனமாகவே இருந்தவர். மகன் அனுப்பவில்லை, அவனே மரபு கடந்த காதலுக்குள் நுழைந்துவிட்டவன். ஊரும் உறவும் தீர்ப்புக் கூறவில்லை. அலங்காரத்தை அனுப்பியவள் அலங்காரமே. இதனை ஆசிரியரின் பெருந்தன்மை எனச் சிலர் கொள்வர். தண்டிக்கும் பொறுப்பைச் சமூகத்திடமிருந்து விலக்கிப் பெண்ணின் மனச்சான்றிடமே ஒப்படைத்ததில் உண்மையான கலைநேர்மை உண்டு என்பதை நாமும் ஏற்கிறோம். எனினும் மற்றொரு பக்கத்தையும் காண வேண்டும். இந்துவும் மரபின்படி காதலுக்கு உரியவள் அல்லள், கைம்பெண். அவளுக்குப் பாடசாலையும் அப்புவும் கிடைக்கின்றனர். அலங்காரத்திற்குக் காசி கிடைக்கின்றது. இருவரும் மரபு வகுத்த கோட்டைக் கடந்தவர்களே. இருவருக்கும் உள்ள முதன்மையான வேறுபாடு ஒன்றே: இந்து தாயல்லள்.

இந்நாவலின் ஆங்கில மொழிபெயர்ப்பிற்கு 'தி சின்ஸ் ஆஃப் அப்புஸ் மதர்' எனப் பெயரிடப்பட்டது இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. தமிழ்த் தலைப்பில் உள்ளவை இரண்டே சொற்கள். ஒன்று உறவைச் சுட்டுகின்றது. மற்றொன்று வருகையைச் சுட்டுகின்றது. தீர்ப்பு எதுவும் அதில் இல்லை. ஆங்கிலத் தலைப்போ பாவத்தை முன்நிறுத்தி, அதனை அப்புவின் தாய் என்னும் நிலையோடு சேர்த்துக் கட்டுகின்றது. தாயின் காதல் என்றவுடன் பாவம் என்னும் சொல் எவ்வளவு விரைவாக வந்து ஒட்டிக்கொள்கின்றது என்பதற்கு இப்பெயர் மாற்றமே சான்றாகும்.

கங்கா: பெறாத மகளுக்குத் தாய்

ஜெயகாந்தனின் அணுகுமுறை வேறு. அவர் உணர்வின் நிழல்களைவிடச் சமூகத்தோடு நடத்தும் வாதத்தில் நாட்டமுடையவர். 1966இல் ஆனந்த விகடனில் வெளிவந்த 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதையில், மழைநாளில் காரில் ஏற்றிச் சென்றவனிடம் தன்னை இழந்து வீடு திரும்பும் மாணவியைத் தாய் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டி, அந்நீரையே நெருப்பாகக் கருதச் சொல்லித் தூய்மையானவளாக ஏற்கிறாள். இக்கதை பெரும் விவாதத்தைக் கிளப்பியது. தாய் அவ்வாறு செய்யாதிருந்தால் என்னவாகும் என்னும் வினாவிலிருந்து பிறந்ததே 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. இந்நாவல் 1972ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதமி விருதைப் பெற்றது. 1977இல் திரைப்படமாகவும் வந்தது.

நாவலில் தாய் கனகம் கூக்குரலிடுகிறாள், செய்தி வெளிப்படுகின்றது, அண்ணன் வீட்டைவிட்டு வெளியேற்றுகிறான். கங்கா படித்து, அலுவலகத்தில் உயர்ந்த பொறுப்பில் அமர்கிறாள். பன்னிரண்டு ஆண்டுகளுக்குப்பின், அன்று தன்னைக் கெடுத்த பிரபுவைத் தேடிக் காண்கிறாள். அவனுக்கு மனைவி பத்மாவும் மகள் மஞ்சுவும் உள்ளனர். பழியிலிருந்து தொடங்கிய சந்திப்பு நட்பாகி, நட்பு உடல் கடந்த காதலாகின்றது. தொடக்கக் கால வன்செயலை இந்நாவல் பிரபுவின் பேதைமையாக மென்மைப்படுத்துகின்றது என்னும் குற்றச்சாட்டை இன்றைய வாசகர் எளிதில் புறந்தள்ள இயலாது. ஆயினும் கங்காவின் காதல் அவ்வன்செயலின் தொடர்ச்சியாகக் காட்டப்படவில்லை. சம்பாதிக்கும், சிந்திக்கும், தன் வாழ்வைத் தானே விவரிக்கும் பெண் ஒருத்தியின் தேர்வாகவே அது அமைகின்றது.

இக்காதலுக்குள் தாய்மை எங்கு வருகின்றது என்பதே நம் வினா. கங்கா மஞ்சுவின்மீது அக்கறை கொள்கிறாள். தான் அடைந்த நிலையை அப்பெண் அடைந்துவிடக் கூடாது என எண்ணி அவளுக்கு வழிகாட்ட முற்படுகிறாள். கனகம் தன் மகளுக்குச் செய்யத் தவறியதைக் கங்கா பிறர் மகளுக்குச் செய்கிறாள். 'அக்கினிப் பிரவேசம்' கதையின் தாய் செய்ததும் இதனையொத்ததே. ஆகவே சிறுகதையில் இருந்த இலட்சியத் தாய் நாவலில் காணாமற்போகவில்லை. கங்காவிற்குள் புகுந்துகொள்கிறாள் என்று கூறத் தோன்றுகின்றது. யமுனாவைப் போலவே கங்காவும் பிள்ளை பெறாதவள். யமுனாவைப் போலவே தாய்மையின் பண்பு ஏற்றப்பட்டவள். ஆனால் யமுனாவிற்குக் கிடைத்த இணைவு கங்காவிற்குக் கிட்டவில்லை. பிரபு விலகிச் செல்கிறான். கங்கா குடிப்பழக்கத்தில் வீழ்கிறாள். இதன் தொடர்ச்சியாக 1978இல் 'கங்கை எங்கே போகிறாள்' வெளிவந்ததிலிருந்தே, அம்முடிவு ஆசிரியரையும் அமைதியுற விடவில்லை என ஊகிக்கலாம்.

இவ்விடத்தில் அசாமிய நாவலோடு ஒரு சிறு ஒப்பீடு பயன்தரும். 2000ஆம் ஆண்டின் ஞானபீட விருதைப் பெற்ற இந்திரா கோஸ்வாமி, 2002ஆம் ஆண்டின் விருதைப் பெற்ற ஜெயகாந்தனைப் போலவே, மரபு ஒடுக்கிய பெண்ணைத் தம் படைப்பின் நடுவில் வைத்தவர். 1988இல் வெளிவந்த அவரது 'தந்தால் ஹாதிர் உனே கோவா ஹௌதா' நாவலில், இளம் கைம்பெண் கிரிபாலா வெளிநாட்டு அறிஞர் மார்க் சாகிப்பிடம் அன்பு கொள்கிறாள். அவளைத் தூய்மைப்படுத்தவென ஊர் நடத்தும் சடங்கின் தீயிலேயே அவள் உயிர் துறக்கிறாள். ஜெயகாந்தனின் தாய் நீரைத் தீயாகக் கருதச் சொல்லி மகளைக் காத்தாள். கிரிபாலாவிற்கோ தீ, தீயாகவே வந்தது. நெருப்பை உருவகமாக்கும் ஆற்றல் படைத்த ஒரு தாய் இருந்தாளா, இல்லையா என்பதே இரு பெண்களின் விதியையும் பிரிக்கின்றது. மகளின் காதலுக்குத் தாய் காவலாகவும் இருக்கலாம், கொலையாகவும் இருக்கலாம் என்பதை இரு மொழி நாவல்களும் வெவ்வேறு வழியில் உணர்த்துகின்றன.

கௌரிப் பாட்டி: தாய்மையின் மறுபக்கம்

ஜெயகாந்தனின் 'யுகசந்தி' இவ்வகையில் தனித்து நிற்கும் கதை. கௌரிப் பாட்டி கைம்மை நோன்பின் அத்தனை விதிகளையும் ஏற்று முதுமை எய்தியவள். பேத்தி கீதாவும் மணமான சில திங்களிலேயே கைம்பெண்ணாகி, நெய்வேலியில் ஆசிரியையாகப் பணிபுரிகிறாள். கீதா உடன் பணிபுரியும் ஆசிரியரை மறுமணம் செய்யத் துணிந்ததைக் கடிதம் வழியே தெரிவிக்கும்போது, தந்தை கணேசய்யர் அவளை இறந்தவளாகக் கருதித் தலைமுழுக முற்படுகிறார். பாட்டியோ பேத்தியிடம் செல்லத் துணிகிறாள்.

மகன் சாத்திரத்தைப் பற்றுகிறான். சாத்திரத்தால் வாழ்வை இழந்தவள் அதனைத் தளர்த்துகிறாள். தனக்கு மறுக்கப்பட்டதைத் தன் வழித்தோன்றலுக்கு மறுக்காதிருப்பதே இங்குத் தாய்மையின் இலக்கணமாகின்றது. அகப்பாடலில் உடன்போக்கிற்குத் துணைநின்ற தோழியின் பணியை இங்கே எழுபது வயதுப் பாட்டி மேற்கொள்கிறாள் எனலாம்.

ஆயினும் நம் வினாவை இக்கதையிலும் எழுப்பினால் அதே விடையே கிடைக்கின்றது. கீதாவிற்குக் குழந்தையில்லை. ஒரு பிள்ளையோடு இருக்கும் கைம்பெண் கீதாவின் இடத்தில் இருந்திருப்பாளானால் கௌரிப் பாட்டி இதே எளிமையுடன் புறப்பட்டிருப்பாளா என்பதைக் கதை சொல்லவில்லை. அதைச் சொல்லவேண்டிய தேவை எழாதவாறே கதை அமைக்கப்பட்டுள்ளது. கௌரிப் பாட்டியும் ஒரு காலத்தில் இளம் தாயாக இருந்த கைம்பெண். அவளுக்கு அப்போது ஆசை இருந்ததா என்னும் வினாவை மௌனமே மூடியுள்ளது.

பினாங்கின் வீட்டிலும் இதே கோடு

இந்நான்கு படைப்புகளும் பெரும்பாலும் தமிழ்நாட்டுப் பிராமணக் குடும்பங்களைக் களமாகக் கொண்டவை. வேத பாடசாலை, கைம்மை நோன்பு, தலைமுழுகல் ஆகியவை மலேசியத் தமிழ் மாணவர்க்கு அயலானவை. வகுப்பறையில் இவற்றை விளக்கும்போது ஓர் இடர் நேர்கின்றது. இவையெல்லாம் ஒரு சாதியின் பழைய வழக்கங்கள், நமக்கும் இவற்றிற்கும் தொடர்பில்லை என்று மாணவர் கடந்துவிடுகின்றனர். அவ்வாறு கடக்க இயலாது என்பதை நம் நாட்டு நாவலே உணர்த்துகின்றது.

பினாங்கு மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகப் பணியாற்றிய ரெ. கார்த்திகேசு (1940-2016) எழுதிய 'அந்திம காலம்' 1998இல் வெளிவந்தது. புற்றுநோய்க்கு ஆளான முதியவர் சுந்தரமும் மனைவி ஜானகியும் அதன் மையப் பாத்திரங்கள். மகள் ராதாவின் மணவாழ்வு சிதைய, அவள் மகன் பரமேஸ்வரன் தாத்தா பாட்டியின் அரவணைப்பில் இருக்கிறான். அச்சிறுவனும் இரத்தப் புற்றுநோய்க்கு இரையாகிறான். சாவின் நிழலில் நிகழும் இக்கதை காதல் கதை எனப் பெயர் பெற்றதன்று. ஆனால் சுந்தரத்திற்கும் ஜானகிக்கும் இடையே நிகழும் சிறு பரிவுகளில், நற்றிணைத் தோழி கேட்ட வாக்குறுதி நிறைவேற்றப்படுவதைக் காண்கிறோம். நோயுற்ற உடலைப் பேணுதலே அங்குக் காதலின் மொழி. தாயும் பாட்டியும் மனைவியுமான ஜானகியிடம் தாய்மையும் முதிர்ந்த காதலும் முரணின்றிக் கூடியுள்ளன. மருதத் தலைவிக்கு மரபு அளித்த இடமே அவளுக்கும் கிடைத்துள்ளது.

ராதாவிற்கு அந்த இடம் கிடைக்கவில்லை. அவள் தன் வாழ்வைத் தானே தேர்ந்துகொள்ள முற்படும்போது, வாசகன் முதலில் கேட்கும் வினா பிள்ளை என்ன ஆவான் என்பதே. சிறுவனின் நோய் அவ்வினாவின் கூர்மையைப் பன்மடங்காக்குகின்றது. சிதைந்த மணத்தில் தந்தைக்கும் பங்குண்டு எனினும், வாசகனின் தீர்ப்பு தாயின் பக்கமே விரைகின்றது. அக்கிரகாரமும் பாடசாலையும் இல்லாத பினாங்கு வீட்டிலும் கோடு அதே இடத்தில்தான் வரையப்பட்டுள்ளது. ஆகவே அது ஒரு சாதிக்கோ ஒரு வட்டாரத்திற்கோ உரியதன்று.

பெண் எழுத்தாளர் ஒருவரின் விடையையும் இங்குச் சுட்ட வேண்டும். ஆர். சூடாமணியின் (1931-2010) 'நான்காம் ஆசிரமம்' சிறுகதையில் மும்முறை மணம் செய்த பெண் ஒருத்தி, ஆண்களுக்கென வகுக்கப்பட்ட நான்காம் நிலையைத் தனக்கும் கோருகிறாள். அவள் வேண்டுவது மற்றொரு காதலையன்று, தனிமையை. அலங்காரமும் குடும்பத்தை விட்டு நீங்கியவளே. ஆனால் அலங்காரத்தின் காசி கழுவாய். சூடாமணியின் பெண் கோரும் தனிமை வளர்ச்சி. ஒரே துறவை ஆண் எழுத்தாளர் தண்டனையின் சாயலிலும் பெண் எழுத்தாளர் உரிமையின் சாயலிலும் எழுதியுள்ளமை மேலும் ஆராயத்தக்கது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் நாம் பெறும் கருத்து இது. ஜானகிராமனும் ஜெயகாந்தனும் பெருந்திணை என ஒதுக்கப்பட்ட இளமை தீர்ந்த காதலை நடுவுக்குக் கொணர்ந்தனர். அது அவர்களது அருஞ்செயல். ஆனால் அக்காதலை அவர்கள் பெரும்பாலும் பிள்ளை பெறாத பெண்ணுக்கே அளித்தனர். யமுனா, இந்து, கங்கா, கீதா ஆகிய நால்வரும் அத்தகையோரே. யமுனாவிடமும் கங்காவிடமும் தாய்மையின் பண்பை ஏற்றி அவர்தம் காதலுக்கு மதிப்புத் தேடினர். உண்மையிலேயே தாயாகவும் காதலியாகவும் இருந்த அலங்காரம் ஒருத்தியே வீட்டைவிட்டு நீங்க நேர்ந்தது. தாய்மையின் பண்பு காதலுக்குத் துணை செய்கின்றது. தாய்மையின் நிலை காதலுக்குத் தடையாகின்றது. இம்முரணே இப்படைப்புகளின் ஆழமான உண்மை. அவற்றின் எல்லையும் அதுவே.

இதனைக் குறையாகக் கூறி இப்படைப்பாளர்களைத் தள்ளுதல் நம் நோக்கமன்று. அலங்காரத்தை எழுதத் துணிந்தவர் ஜானகிராமன். அவளை இழிவுபடுத்தாமல், அவளது நிமிர்வைக் கடைசிவரை காத்தவரும் அவரே. அவள் காசிக்குப் போகும்போது வாசகன் நிம்மதி அடைவதில்லை, இழப்பையே உணர்கிறான். தீர்ப்பு நேர்ந்தது, ஆனால் நீதி நேரவில்லை என்னும் அவ்வுணர்வே நாவலின் வெற்றி.

தமிழாசிரியர்க்கு இதிலிருந்து ஒரு கடமை எழுகின்றது. 'அம்மா வந்தாள்' போன்ற நாவலைக் கற்பிக்கும்போது அலங்காரம் செய்தது சரியா, தவறா என்னும் பட்டிமன்ற வினாவோடு பாடத்தை முடித்துவிடுவது எளிது. அவ்வினாவிற்கு விடையளிக்க நாவலைப் படிக்கவே தேவையில்லை. மாணவர் வீட்டிலிருந்தே விடையைக் கொணர்வர். அதற்கு மாறாக, இந்துவிற்குக் கிடைத்தது அலங்காரத்திற்கு ஏன் கிடைக்கவில்லை என்று கேட்போமானால், மாணவர் பனுவலுக்குள் திரும்பிச் சென்றே ஆகவேண்டும். அங்கிருந்து சிவசுவும் தண்டபாணியும் ஏன் காசிக்குப் போகவில்லை என்னும் வினாவும் தானே எழும். தன் தாயும் ஒரு பெண்ணாக வாழ்ந்தவள் என்பதை இளம் வாசகர் முதன்முறையாக எண்ணிப் பார்க்கும் இடம் அதுவாக அமையலாம்.